பௌர்ணமிக்கு மறுநாள்

"சினேகா இன்னைக்கு வேன்ல வர வேணாம். பஸ்ல வரட்டும்."

பொன்னி இதை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் மீதியையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பரசுராமன் கிரிவலப் பாதையில் சுக்கு காபிக் கடை வைத்திருப்பவர். பௌர்ணமி வந்தால்தான் அவருக்குத் தீபாவளி. விடிய விடிய ஊற்றிக் கொடுத்துவிட்டு, இன்னொரு தூக்குப் பால் எடுத்துப்போக அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார். வெளியே இன்னும் வெளுக்கவில்லை. அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"ஏன், வேனுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. நெருக்கியடிச்சிப் போனா துணி கசங்கிடும். இன்டர்வியூக்குப் போற பொண்ணு."

"பஸ்ல மட்டும் இஸ்திரி போட்டுக் குடுப்பானா? பௌர்ணமிக்கு மறுநாள் பஸ்ல கால் வைக்க எடம் இருக்குமா? வந்த ஜனம் பூரா திரும்பிப் போவும்." பாலை ஊற்றிக்கொண்டே சிரித்தார். "உன் தம்பி ஓட்டுற வண்டி. அதவிடப் பத்திரமா வேற எதுல அனுப்புவ?"

உள்ளே கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்த சினேகா, "அம்மாவுக்கு நான் அவங்க கம்பெனியில சேர்றது புடிக்கலப்பா. அதான் ஏதேதோ சொல்றாங்க" என்றாள்.

பொன்னிக்கு அழுகை வந்தது. அதையும் அடுப்பிடமே காட்டினாள்.

போன வாரம் வேனில் நடந்ததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. செஞ்சிக்கு முன்னால் ஏரிக்கரை வளைவு. எதேச்சையாக டிரைவர் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் மாறனின் கண்கள் மூடியிருந்தன. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "டேய் மாறா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் விழித்து, வளைத்து, வண்டி பிழைத்தது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னாக்கா, பல்லியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற அந்தக் கம்பெனி, செங்கம் ரோட்டில் இருந்தவரை இந்த வம்பெல்லாம் இல்லை. ஷேர் ஆட்டோவில் போய், வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவாள். மழைக்காலம் முடிந்த கையோடு கம்பெனி திண்டிவனத்துக்கு அந்தாண்டை போய்விட்டது. வர முடிந்தவர்கள் வரலாம், வேன் விடுகிறோம் என்றார்கள். அன்று முதல் வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு அந்த மலையைப் பொன்னி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்க்கிறாள்.

வேன் கான்ட்ராக்டரிடம் போய் நின்று, "என் தம்பிக்கு ஓட்டக் குடுங்க, நான் பொறுப்பு" என்று சொன்னதும் அவள்தான். மாறன் அப்போது வேலையில்லாமல் இருந்தான். பெண்டாட்டி மாசமாக இருந்தாள். இப்போது அவன் எல்லாரையும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற நேரம் ஒன்று, எல்லாரையும் ஏற்ற எழுந்திருக்கிற நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு தூக்கத்துக்கு இடமில்லை. பகலில் வண்டியிலேயே சாயலாம் என்றால், அதைக் கொண்டு வா, இதை இறக்கு என்று கம்பெனியில் அனுப்பிவிடுகிறார்கள்.

தூக்கம் வருகிறவனைத் தூங்க வைக்க வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பொன்னிக்கும் தெரியும். ஆனால் தூங்க வைக்க அவளால் முடியாது. வேண்டிக்கொள்ள முடியும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை ஆதி அண்ணாமலையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சூடத்தின் மேல் அவன் கையை வைக்கச் சொன்னாள். "வர்ற பௌர்ணமிக்கு வெறுங்காலோட கிரிவலம் வரேன்னு வேண்டிக்கோ. தனியாப் போவாத, தொணைக்கு யாரையாவது கூட்டிக்கோ. உன் கண்ண இனிமே அவரு பாத்துப்பாரு." மாறன் அப்படியே செய்தான். அக்கா சொல்லி அவன் தட்டியதில்லை.

பௌர்ணமி எப்போது பிறக்கிறது என்று காலண்டரில் தேடிப் பார்த்தவள், அதற்கு மறுநாள் வேலை நாளா என்று பார்க்கவில்லை.

"சொல்ல மறந்துட்டேன்" என்றார் பரசுராமன், தூக்கை மூடிக்கொண்டே. "மச்சான் ராத்திரி நம்ம கடைக்கு வந்தான். வேட்டி கட்டிக்கிட்டு, செருப்பு இல்லாம. கூட ஒருத்தன் துண்டப் போத்திக்கிட்டு நின்னான். கும்பல்ல யாருன்னு சரியாப் பாக்கல. ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுப் போனானுங்க."

பொன்னியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"எப்ப வந்தான்?"

"நல்ல ராத்திரி. அப்பதான் பாதி தூரம் வந்திருக்கேன் மாமான்னான். நடக்கட்டும், வயசுப் பையன்" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

பாதி தூரம். அப்படியானால் மீதியையும் சுற்றி முடித்து, நேராக வேனை எடுக்கப் போயிருப்பான்.

* * *

பௌர்ணமிக்கு வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் வேன் ஈசான்ய லிங்கத்துக்கு வெளியே நின்றது. தாயும் மகளும் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். சினேகா சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பொன்னி பின்தங்கினாள். லேட்டாகப் போனால் வேன் போய்விடும், போய்விட்டால் நல்லது. அவளுக்கே தன் நினைப்பைக் கண்டு வெட்கமாக இருந்தது. போகிற வேனில் மற்றப் பெண்கள் இருக்கிறார்களே.

வேன் போகவில்லை. மாறன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். நெற்றி நிறையத் திருநீறு. அக்காவைக் கண்டதும் சிரித்தான்.

"முடிச்சிட்டேங்க்கா. எட்டு லிங்கமும் கும்புட்டாச்சி. இனிமே ஒண்ணும் ஆவாது."

பொன்னி அவன் கால்களைப் பார்த்தாள். இரண்டு பாதங்களிலும் கொப்புளம் கட்டியிருந்தது. ஒன்று உடைந்து ஈரமாக இருந்தது.

"தூங்குனியாடா?"

"சுத்தி முடிச்ச ஒடனே தூங்கக் கூடாதுக்கா. பலன் போயிடும்னு சொல்லுவாங்க இல்ல?"

அவன் சந்தோஷமாக இருந்ததுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது. போன வாரம் வரைக்கும் அவனுக்கும் பயம் இருந்தது. பயந்துகொண்டாவது ஓட்டினான். இன்றைக்கு அதுவும் இல்லை. அவள்தான் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறாள்.

சொல்லிவிடலாமா? இங்கேயே, இப்போதே, 'இவன் ஓட்டக் கூடாது' என்று? வேனுக்குள் பெண்கள் ஏறி உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தாகிவிட்டது. பாதிப் பேர் ராத்திரி நடந்தவர்கள். மீதிப் பேர் வீட்டு ஆட்களோடு பொரி, தண்ணீர் பாட்டில் என்று விற்க நின்றவர்கள். புதுக் கம்பெனியில் நேரத்துக்கு கேட்டை மூடிவிடுவான். வேன் போகாவிட்டால் எல்லாருக்கும் லீவு. மாறனுக்கு வேலையே போகும்.

"இன்னாக்கா, ஏறு. லேட்டாவுது."

பொன்னி ஏறினாள்.

"மாமா, நான் முன்னாடி உக்காந்துக்கிறேன்" என்று சினேகா முன் சீட்டுக்குப் போனாள்.

"பின்னாடி போடி!" பொன்னி கத்திய கத்தலில் நாலு பேர் கண் திறந்தார்கள். சினேகாவின் முகம் சிவந்துவிட்டது. வேலை கேட்டுப் போகிற முதல் நாளில், கூட வேலை பார்க்கப்போகிறவர்கள் முன்னால் இப்படியா? நடு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முன் சீட்டில் பொன்னி உட்கார்ந்தாள். டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவள் பேசிக்கொண்டே வர வேண்டும். இது அவர்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இன்றைக்கு அவள் வாயை மூடப்போவதில்லை.

"உன் பொண்டாட்டிக்கு வாந்தி நின்னிச்சா?"

"நின்னுடுச்சிக்கா. இப்ப மாங்கா கேக்குறா."

சோமாசிபாடி வரைக்கும் நன்றாகவே பேசினான். அவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் ரோட்டோரம் ஒரு புளியமரம் தாண்டியது. அவ்வளவுதான். பொன்னிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

கீழ்பென்னாத்தூரில் இரண்டு பேர் ஏறினார்கள். ரேவதி ஏறி உட்கார்ந்தாலே தூங்கிவிடுவாள். இன்றும் டிக்கெட் வாங்கின மாதிரி உடனே தூங்கினாள். இன்னொருத்தி பத்மினி, சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தால் எதுவும் சாப்பிட மாட்டாள். கம்பெனி ஊரில் இருந்தபோது வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுவாள். இப்போது சாயங்கால டீ நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து ராச்சாப்பாட்டை முடித்துக்கொள்கிறாள். அவர்கள் வீட்டில் கிரிவலம் கிடையாது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தவள் அந்த வேனில் அவள் ஒருத்திதான். சினேகா பக்கத்தில் உட்கார்ந்து, "பொன்னி பொண்ணா நீ? அப்பா ஜாடை" என்று பேச்சுக் கொடுத்தாள்.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் ரோட்டில் கூட்டம் குறைந்தது. ஜன்னலில் குளிர்ந்த காற்று வந்தது.

"மாறா, மாமனாரு எப்ப வராராம்?"

ஒரு மரம். இரண்டு மரம். "வருவாருக்கா."

"புள்ள பொறந்தா இன்னா பேரு வெக்கப் போற?"

மரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"டேய்."

"ம்? ஆமாக்கா."

பொன்னிக்கு வேர்த்தது. அவன் தோளில் கை வைத்து உலுக்கினாள். "நிறுத்துடா. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

"செஞ்சியில குடிக்கலாம்க்கா. ஏற்கெனவே லேட்டு."

"கண்ணு எரியுதாடா?"

"சும்மா கவலப்படாத. நேத்து வரைக்கும் தான் பயம். இப்ப அவரு பாத்துக்குவாரு. நீதான சொன்ன?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். பொன்னி புடவைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் கண்களையே பார்த்தாள். இமைக்கிறான். திறக்கிறான். இமைக்கிறான். திறக்கிறான். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் நேற்று பத்து மணிக்கு மேல் வந்து, கடைக்குச் சுக்குத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தவள்தான். அது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. இமைக்கிறான். திறக்கிறான். இமைக்கிறான்.

"அய்யோ! பொன்னி!"

பத்மினியின் குரல் அது. பொன்னி கண்ணைத் திறந்தாள். தானும் மூடியிருந்தோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எதிரில் லாரியின் விளக்கு. காதைப் பிளக்கும் ஹார்ன். மாறன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். வேன் ரோட்டை விட்டு இறங்கி, எதன்மேலோ ஏறி, ஒருபக்கமாகச் சாய்ந்து, நின்றது.

எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

* * *

ரோடு அகலப்படுத்த யாரோ கொட்டி வைத்திருந்த செம்மண் குவியல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அது இல்லையென்றால் கீழே ஏரி.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். பொன்னி மகளைத்தான் தேடினாள். சினேகா பத்மினியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முன்னாலிருந்த வரிசையின் கம்பியில் மோதி உதடு கிழிந்திருந்தது. இன்டர்வியூவுக்குப் போட்டிருந்த வெளிர்நீலச் சுடிதாரில் ரத்தம் சொட்டியிருந்தது.

"பல்லு ஆடுதா? தலையில பட்டுச்சா? எங்க, காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

வேறு யாருக்கும் பெரிய அடி இல்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் செஞ்சிக் கோட்டை மலை தெரிந்தது. மாறன் செம்மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"கொற வெக்காமத்தான அக்கா நடந்தேன்? எல்லா லிங்கத்துலயும் நின்னு கும்புட்டனே. ஏங்க்கா இப்படி ஆச்சி?"

"நடந்தியா?" பத்மினி திரும்பினாள். "ராத்திரி பூரா நடந்துட்டா வண்டியத் தொட்ட? எந்தப் புத்தி கெட்டவங்கப்பா உன்ன நடக்கச் சொன்னாங்க?"

மாறன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவைக் காட்டிக் கொடுக்கிறவன் இல்லை அவன்.

"நான்தான்" என்றாள் பொன்னி. "போன வாரமே இவன் ஏரிக்கரையில தூங்கிட்டான். நான் பாத்தேன். வெளிய சொன்னா வேலை போயிடும்னு சாமிகிட்ட சொன்னேன்."

சினேகா கைக்குட்டையை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"தெரியுமா உனக்கு?" என்றாள் மெதுவாக. "அதனாலதான் பஸ்ல போகச் சொன்னியா? தெரிஞ்சும் என்ன ஏத்துனியாம்மா?"

முன் சீட்டில் உன்னை உட்கார விடவில்லையே என்று சொல்லப் பொன்னி வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

ரேவதிதான் முதலில் தெளிந்தாள். "ஆனது ஆயிப்போச்சி. யாரும் சாவல இல்ல? தள்ளுங்கடி வண்டிய. இப்ப கெளம்புனா கேட்ட மூடறதுக்குள்ள போயிடலாம்."

பொன்னி நம்பவில்லை. ஆனால் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் மூக்கில் தோளைக் கொடுத்தார்கள். மாறன் எழுந்து ரிவர்ஸ் எடுத்தான். வேன் குவியலை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் இன்ஜின் ஓடியது.

"யாரும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. தம்பிக்குப் பொண்டாட்டி மாசமா இருக்குது" என்றாள் ரேவதி.

"நான் தெளிஞ்சிட்டேங்க்கா. இனி தூக்கமே வராது, சத்தியமா" என்றான் மாறன்.

அவர்கள் ஒவ்வொருத்தியாக மறுபடி ஏறத் தொடங்கினார்கள். கொஞ்சம் முன்னால் உயிருக்குக் கத்தியவர்கள்தான். லாரியைப் பார்த்தபோதுகூடப் பொன்னி இவ்வளவு பயப்படவில்லை. இவர்களெல்லாம் நல்லவர்கள். அவளைப் போலவே நல்லவர்கள். அவளைப் போலவே ஏறுகிறார்கள்.

அவள் டிரைவர் பக்கம் போய்க் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகி எடுத்தாள். இன்ஜின் நின்றது.

"எறங்குங்க எல்லாரும்."

"இன்னாக்கா இது?"

"எறங்குங்கன்னு சொல்றேன் இல்ல!" சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இவன் இன்னைக்கு ஓட்ட மாட்டான்."

மாறன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதுபோல் இருந்தது. வண்டியை விட்டு இறங்கி, கொப்புளக் காலைத் தாங்கித் தாங்கி வைத்து, ரோட்டோர வயலில் பம்புசெட் ஓடுகிற சத்தத்தை நோக்கி நடந்தான்.

பொன்னி கம்பெனி சூப்பர்வைசர் மணிக்கு போன் போட்டாள்.

"மணி சார், பொன்னி பேசறேன். எங்க வண்டி செஞ்சிக்கு முன்னாடி எறங்கிடுச்சி. இல்ல சார், ஆளுக்கு ஒண்ணும் ஆவல. டிரைவர் தூங்கிட்டாரு. மொத தடவ இல்ல சார், போன வாரமும் தூங்குனாரு. நான் பாத்துட்டு சொல்லாம விட்டுட்டேன்."

"எந்த டிரைவரும்மா?"

"மாறன். என் தம்பி."

"நாளையிலேர்ந்து அவர் வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார் மணி. "இப்ப பின்னாடியே ஊர்லேர்ந்து நம்ம ரெண்டாவது வண்டி வருது, ராஜா ஓட்டுறது. எத்தன பேரு ஏற முடியுமோ ஏறிக்கோங்க. மீதி பேர் செஞ்சியில பஸ் புடிங்க. உங்க பொண்ணு இன்டர்வியூக்கு வரணும் இல்ல? அவள மொதல்ல அனுப்புங்க."

அவ்வளவுதான். ஒரு வாரமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்து முடிந்துவிட்டது. தம்பியின் வேலையை அவளே வாங்கிக்கொடுத்தாள், அவளே பிடுங்கிவிட்டாள். ஆனாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ரொம்ப நாள் கழித்து முழுசாக மூச்சு விட்டாள்.

ராஜாவின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஏற்கெனவே நெருக்கம்; பேசிக்கொண்டே வர வேண்டிய முன் சீட்டு மட்டும் காலி. டிரைவர் இறங்கவில்லை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று மட்டும் சொன்னான். நெற்றியில் திருநீறு. அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களில் யார் நெற்றியில்தான் இல்லை?

"என் பொண்ண மொதல்ல ஏத்துங்க" என்று பொன்னி மகளைக் கதவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "முன்னாடி சீட்டு காலியா இருக்குது பாரு, அங்க உக்காந்துக்கோ. பதட்டப்படாம பதில் சொல்லு."

சினேகா ஏறினாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ரேவதியும் இன்னும் சிலரும் ஏறினார்கள். வண்டி புறப்பட்டுப் போனது. இடம் கிடைக்காதவர்கள் பஸ் பிடிக்கச் செஞ்சிப் பக்கம் நடந்தார்கள். பத்மினி ஏறவில்லை. "உன்னத் தனியா விட்டுட்டுப் போவ மனசு வரல" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பொன்னி அழுதாள்.

மாறன் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான். சட்டையெல்லாம் ஈரம். தூரத்தில் போகிற வண்டியைப் பார்த்தான்.

"யாரு வண்டிக்கா அது?"

"ராஜாவோடது. சினேகாவ அதுல ஏத்தி அனுப்பிட்டேன். அவளாவது நல்லபடியாப் போய்ச் சேரட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாறா, நான் மணி சார்கிட்ட சொல்லிட்டேன்டா. என்ன மன்னிச்சிடு."

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அக்கா, நீதான தொணைக்கு யாரையாவது கூட்டிக்கோன்னு சொன்ன?"

பொன்னிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, பால் தூக்கை மூடிக்கொண்டே புருஷன் சொன்னது காதில் விழுந்தது. கூட ஒருத்தன். துண்டைப் போர்த்திக்கொண்டு.

"ராஜாவா?"

"விடிய விடிய என்கூடத்தான் நடந்தான். அவனுக்கும் இந்த ரோட்டுல கண்ணு சொருவுதாம். என்கிட்ட மட்டும்தான் சொன்னான். வாடா, அக்கா ஒரு வழி சொல்லியிருக்குதுன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

பொன்னி மகளுக்கு போன் போட்டாள். இரண்டு தடவை மணி அடித்து நின்றது. சினேகா துண்டித்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி துண்டித்தாள். மூன்றாவது தடவை போன் அணைந்திருந்தது.

மாறன் ராஜாவைக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பத்மினி ரேவதியின் போனுக்கு முயன்றாள். ரேவதி ஏறி உட்கார்ந்தாலே தூங்கிவிடுவாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். பத்மினி போனை வீசிவிட்டு ரோட்டின் நடுவில் போய்க் கையை ஆட்டினாள். பக்தர்களை அடைத்துக்கொண்டு ஊர் திரும்புகிற பஸ்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போயின.

முன் சீட்டில் உட்காரச் சொன்னோமே. இந்த முறை முன் சீட்டில் உட்காரச் சொன்னோமே.

"சாவியக் குடுக்கா" என்றான் மாறன். "செஞ்சிக்குள்ள புடிச்சிடலாம்."

அங்கே வண்டி ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கையை நீட்டினான். கழுவின முகத்தில் கண்கள் இரண்டும் மிளகாயாய்ச் சிவந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை மூடித் திறந்தன.

பொன்னியின் கை, அவளைக் கேட்காமலே, இடுப்பில் செருகியிருந்த சாவிக்குப் போனது.